சோதனைச்சாவடியில் ஒரு கியர் ஓயில் ஒழுக்கு

உப்புவெளிச் சோதனைச்சாவடியிலிருந்து ஒரு சிப்பாய் மோட்டார் சைக்கிளில் வந்து, ஓர்ஸ் ஹில் அடிவாரத்தில் இருந்த எங்கள் கராஜிலிருந்து என்னை ஏற்றிக்கொண்டு போனார். காரணம் சொல்லவில்லை. சண்டைக் காலம், நானும் கேட்கவில்லை. டூல் பெட்டியையும் கொண்டுவரச் சொன்னது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

அங்கே, எங்கள் கராஜுக்கு வழக்கமாக வருகிற டிரைவர் ராசையா அண்ணை தலைக்குப் பின்னால் கைகளைக் கோத்தபடி தார் ரோட்டில் முழந்தாளில் நின்றார். நிலாவெளிக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குக் கோதுமை மா கொண்டுபோகிறவர். லொறி வெளிநாட்டு நிவாரணத்தில் வந்தது, ஓட்டோமெட்டிக் கியர். அதன் அடியிலிருந்து சிவப்பாகச் சொட்டிக்கொண்டிருந்தது.

"லே," என்றார் பொறுப்பதிகாரி. சிங்களத்தில் இரத்தம். பிறகு தமிழில், "உள்ளுக்கு ஆள் இருக்கு. யார்?"

"ஐயா, அது கியர் ஓயில். ஓட்டோமெட்டிக் ஓயில் சிவப்புத்தான்."

"இவனும் அதான் சொல்றது. ஓயில் கறுப்புத்தானே?"

எஞ்சின் ஓயிலை மட்டும் கண்டவர் கேட்கிற நியாயமான கேள்வி.

"எங்கயிருந்து வருது? காட்டு. இல்லாட்டி எல்லா மூட்டையும் இறக்கி வெட்டிப் பாக்கிறது."

வெட்டினால் மா மண்ணோடு போகும். பின்னேரம் பாதையையும் மூடிவிடுவார்கள்.

லொறிக்கு அடியில் படுத்தேன். கியர்பொக்ஸின் பின்பக்கம் முழுவதும் ஈரம். பார்த்த உடனே, பின்பக்கத்தில் ஓயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம், பின் சீல், போய்விட்டது என்று சொல்லத் தோன்றும். அது ரோட்டில் வைத்துச் செய்ய முடியாத வேலை. ஆனால் ஓடுகிற வாகனத்தில் காற்று ஓயிலைப் பின்னுக்கு அடித்துக்கொண்டு போகும். அதனால் பெற்றோல் துணியால் அடிப்பக்கம் எல்லாவற்றையும் துடைத்துக் காயவிட்டேன். வழக்கமாக அதன்மேல் பவுடர் தூவுவோம், ஓயில் வருகிற இடம் அதில் தெரியும். அன்று மா இருந்தது. அனுமதி கேட்டு ஒரு மூட்டையின் வாயைப் பிரித்து, மாவை உள்ளங்கையில் வைத்து ஊதினேன்.

"எஞ்சினைப் போடவேணும் ஐயா. அண்ணையை எழும்ப விடுங்கோ."

ராசையா அண்ணை ஏறினார். பிரேக்கை மிதித்தபடி கியரை மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். முழந்தாளில் நின்று மரத்த கால் பிரேக்கிலிருந்து வழுக்கலாம். சில்லுகள் உருளாதபடி இரண்டு கல் வைத்துவிட்டு மறுபடி அடியில் போனேன்.

கியர்பொக்ஸ் வெள்ளையாகவே இருந்தது. முன்னுக்கு, ஓயிலைக் குளிரவைக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிற கூலர் ஹோஸின் நுனியிலிருந்து மாவில் ஒரு சிவப்புக் கோடு இறங்கியது. கிளிப்புக்குக் கீழே ஹோஸ் வெடித்திருந்தது.

அதிகாரியைக் கூப்பிட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து படுத்தார். விரலால் தொட்டு மணந்து பார்த்தார். காற்சட்டையில் துடைக்கப் போனவர், நிறுத்தி, என் துணியை வாங்கினார்.

"சரி. கட்டு. போ."

வெடித்த நுனியை வெட்டி, மிச்ச ஹோஸை மாட்டிக் கிளிப்பை இறுக்கினேன். குறைந்த ஓயிலுக்கு என்ன செய்வது என்று நான் யோசிக்க, ராசையா அண்ணை சீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு டின்னை எடுத்தார். அதே சிவப்பு ஓயில்.

"இதை அவங்களுக்குக் காட்டியிருக்கலாமே அண்ணை?"

"கையைத் தூக்கச் சொன்னாங்கள், தூக்கினனான். பிறகு எதாலை எடுத்துக் காட்டுறது?"

அவரால் அதற்குமேல் ஓட்ட முடியவில்லை. நான் ஏறினேன். ஓட்டோமெட்டிக் லொறியை அதற்குமுன் ரோட்டில் ஓட்டியதில்லை. "கிளச் இல்லை. இடது காலுக்கு வேலையில்லை, தம்பி, சும்மா வையுங்கோ," என்றார். பாதை மூடமுன் மாவைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினோம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள், சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவு சொல்லக்கூடாது. முதலில் துடைக்கவேண்டும். அன்று பின் சீல் என்று சொல்லியிருந்தால் லொறி அங்கேயே நின்றிருக்கும். ராசையா அண்ணையும்.