பூப்பந்துத் திடலில் போட்ட கேட்

மலாயாவில் நியாலாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆபீசில் இரண்டாம் கிராணியாகக் கணக்கெழுதிய மணியத்துக்கு, உயிரோடு இருந்தவரை ஒரு பழக்கம் இருந்தது. யார் எந்தத் திட்டத்தைக் காகிதத்தில் வரைந்து நீட்டினாலும், சுட்டு விரலை அதன் மேல் நடக்கவிடுவார். விரல் எங்கே இடறுகிறதோ அங்கே ஓட்டை. அவர் விரல் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. வாய்தான் சும்மா இருக்காது. "இதை வரையும்போது கண்ணைத் திறந்து வச்சிருந்தீங்களா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிடுவார். அவர் வருவதைப் பார்த்தால் ஆபீசில் காகிதங்கள் மேசை டிராயருக்குள் ஓடி ஒளியும்.

கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி போட்டு, ஒரே கேட் வைத்தார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் அவர்களுக்குச் சோறு போய்விடக்கூடாதென்று தினமும் விடிகாலையில் சோதனை. இருநூறு பேர், ஒரு வழி. பொழுது ஏறினால் மரத்தில் பால் ஒழுங்காக வடியாது. அரை மணி நேரத்தில் எல்லாரையும் வெளியே அனுப்ப யாராவது வழி சொல்லுங்கள் என்றார் துரை.

மணியம் இரண்டு வாரம் உட்கார்ந்து ஒன்றை வரைந்தார். இரண்டு குடிசை, ஒன்றில் அடையாளக் கார்டுச் சோதனை, ஒன்றில் சாப்பாட்டுச் சோதனை, ஆள் பிரிக்கச் சிவப்பு நீலத் தகரத் தகடுகள், அம்புக்குறிகள். வரைந்த பிறகு தூரத்தில் நின்று அதை ரசித்தார்.

இன்னொன்றும் வந்தது. ஆயாக் கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் சுசீலா, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தது.

பெரிய கிராணியார் இராஜரட்ணம் இரண்டையும் மணியத்தின் மேசையில் வைத்தார். "ரெண்டையும் நீரே பார்த்துச் சொல்லும்."

"ஒண்ணு என்னோடதாச்சே சார்."

"அதாலதான் சொல்லுறன்."

வாசலில் நின்ற சுசீலா மெதுவாகச் சொன்னாள். "தப்பு இருந்தா சொல்லுங்கண்ணே. சிரிச்சிராதீங்க. சிரிச்சிட்டீங்கன்னா அடுத்த தடவை எந்தப் பொம்பளையும் இங்க வாயத் திறக்கமாட்டா."

மணியத்தின் விரல் தாளின் மேல் கிளம்பி, பாதியில் நின்றது. தன் பிள்ளையும் ஊரான் பிள்ளையும் ஓடுகிற பந்தயத்துக்கு நடுவராக நிற்பது போலிருந்தது அவருக்கு. விரலால் நடந்தால் நியாயம் வராது. ஆள்தான் நடக்க வேண்டும்.

சனிக்கிழமை மத்தியானம் பூப்பந்துத் திடலில் சுண்ணாம்புத் தூளால் கேட் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். தோட்டமே திரண்டது. கிராணிமார் காவலராக நின்றார்கள். முதலில் மணியத்தின் திட்டம். முதல் ஐம்பது பேர் வெண்ணெயில் கத்தி போல நழுவிப் போனார்கள். மணியம் பூரித்து நின்றபோது முனுசாமி வந்தான். கையில் தூக்குச்சட்டி, கார்டை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தான்.

கார்டுக் குடிசையில், "சாப்பாடு இருந்தா முதல்ல அங்க காட்டிட்டு வா" என்றார்கள். சாப்பாட்டுக் குடிசையில், "கார்டு இல்லையா, முதல்ல அங்க போ" என்றார்கள். முனுசாமி சொன்ன பேச்சு கேட்பவன். போனான், வந்தான், போனான். மூன்றாம் சுற்றில் நான்கைந்து சிறுவர்கள் பின்னால் சேர்ந்துகொண்டார்கள். ஆறாம் சுற்றில் பாதித் தோட்டம் அவன் பின்னால் ரயில் விட்டது.

"அண்ணே, எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. பென்ஷன் வர்றதுக்குள்ள வெளிய விட்ருவீங்களா?" என்றான் முனுசாமி.

மணியம் சிரிக்கத் தொடங்கினார். அடக்கப் பார்த்து முடியாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புக் கோட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்தது சுசீலாவுடையது. ஒரே நீள மேசை, இரு பக்கமும் காவலர். வெறுங்கைக்காரர்கள் ஒரு பக்கம், சட்டிக்காரர்கள் மறுபக்கம். மேசைக்கு வருமுன்னே சட்டி திறந்திருக்க வேண்டும். கார்டு இல்லாதவர் மேசைக் கோடியில் பெயர் எழுதக் காத்திருக்கலாம், வரிசை நிற்காது. ஆறு போல ஓடியது. பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு வந்த தாய்மார் மட்டும் வரிசையைக் குறுக்கே பிளந்து வந்தார்கள். இடி, தள்ளு, தூக்குச்சட்டிச் சத்தம்.

எல்லாரும் மணியத்தின் வாயைப் பார்த்தார்கள். சுசீலா முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மணியம் எழுந்து வேட்டியில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டினார். "சட்டியை முன்னாலயே திறக்கச் சொன்னது ரொம்ப நல்ல யோசனை. எனக்குத் தோணல. புள்ளைய விட்டுட்டு வர்றவங்க எந்தப் பக்கமா வந்து சேரணும்னு நினைச்சீங்க?"

"அத நினைக்கலண்ணே."

"நான் முனுசாமிய நினைக்கலம்மா."

கூட்டம் ஓவென்று சிரித்தது. சுசீலாவும் சிரித்துவிட்டாள். பிறகு மணியத்தின் காகிதத்தைக் கையில் எடுத்து, அவரைப் போலவே விரலை நடக்கவிட்டாள்.

"அண்ணே, இந்தச் செகப்புத் தகடு நல்லாருக்கு. இத நான் எடுத்துக்கட்டுங்களா? தாய்மாருக்கு ஆளுக்கு ஒண்ணு கழுத்துல போட்டா, கண்டதும் முன்னால விட்ரலாம்லா."

இராஜரட்ணம் பேனாவைத் திறந்தார். "அப்ப எதை எழுத?"

"சுசீலாவோட திட்டம்னு எழுதுங்க சார்," என்றார் மணியம். "தகட்டுக்கு மட்டும் எம்பேரு, சின்ன எழுத்துல."

அப்புறம் தகரக் கத்திரியைத் தேடிக்கொண்டு ஸ்டோர் பக்கம் ஓடினார். கிராணிமார் தோட்டத்தில் ஓடக்கூடாது என்பது அன்றைக்கு அவருக்கு மறந்தே போயிருந்தது.