மாரியன் வெட்டிய இடம்

கழுத்தை இடப்பக்கம் சாய்த்து, கண்ணாடி மூக்கு நுனிக்கு வழுக்கும்வரை திரையைப் பார்க்கிறார் மாரியன் ஃபென்விக். பிறகு வலப்பக்கம். திரையிலுள்ள புரதப் படத்தைச் சுட்டியால் திருப்பலாம். தலையைத் திருப்பினால்தான் புரியும் என்பார். மூன்று நாளாகத் திருப்புகிறார், புரியவில்லை. "இது எந்த வீட்டுப் பிள்ளைன்னே தெரியலியே!" தேநீரில் நனைத்த பிஸ்கட் கரைந்து உள்ளே விழுந்தது.

கேம்பிரிட்ஜை ஒட்டிய எங்கள் அலுவலகத்தில் புரதங்களைக் குடும்பம் குடும்பமாகப் பிரிப்பதுதான் வேலை. புரதம் ஒரு நீளச் சங்கிலி. அதில் தனியாக மடிந்து நிற்கும் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று குறிப்பதை 'வெட்டுவது' என்போம். மாரியன் பதினாறு வருடமாக வெட்டுகிறார். அவர் வெட்டியதை இதுவரை யாரும் திரும்ப ஒட்டியதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகம்தான். புதிதாக வருபவர்களிடம், "கசாப்புக் கடைக்கா வெட்டுற?" என்று கேட்டு மானத்தை வாங்குவார். என்னையும் கேட்டிருக்கிறார்.

இப்போது வந்திருப்பது ஒரு பாக்டீரியாப் புரதம். உருவம் தெரியாத காலத்தில், அமினோ அமிலங்களைக் குறிக்கும் எழுத்து வரிசையை மட்டும் பார்த்து மாரியன் அதை இரண்டாக வெட்டி இரண்டு குடும்பங்களில் போட்டார். அதைப் படிகமாக்கி, உருவத்தையே கொண்டுவந்துவிட்டார் ஆய்வாளர் நைஜல். பின்துண்டு பார்வைக்கு அச்சு அசல் டிரான்ஸ்குளூட்டமினேஸ், அதாவது புரதத்தோடு புரதத்தை ஒட்டும் நொதி. அது வேலை செய்ய சிஸ்டீன், ஹிஸ்டிடின், அஸ்பார்டேட் என்ற மூன்று அமினோ அமிலங்களும் பக்கத்தில் நிற்க வேண்டும். சிஸ்டீனைக் காணோம். எனக்கும் தலை சுற்றியது.

"மூணுல ஒண்ணு இல்லாம எப்படிங்க ஒட்டும்?" என்றேன்.

"அதைத்தான நானும் கேக்கறேன்! சும்மா இரு."

பக்கத்தில் நின்ற நைஜல் தயங்கினார். "முன்துண்டையும் சேர்த்து வச்சுப் பாருங்களேன்."

"அது வேற குடும்பம், நைஜல்."

"யாரு சொன்னா?"

"நான்தான் சொன்னேன்!"

சொல்லிவிட்டு அவரே முன்துண்டைத் திறந்தார். சிஸ்டீன் அதில் இருந்தது, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில், நேர் எதிரே. நடுவிலிருந்த நீள வளைவை எல்லை என்று நினைத்து, ஒரே துண்டை இரண்டாக்கியிருக்கிறார்.

"ஐயோ கடவுளே, நட்ட நடு உடம்புல வெட்டியிருக்கேனே!"

அவர் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது.

மேலாளர் கிரஹாம் அலட்டிக்கொள்ளவில்லை. "குடும்பத்தைக் கலைக்க வேண்டாம், பக்கத்துல ஒரு குறிப்பு போட்டுடலாம். பதினாறு வருஷப் பேரை எதுக்குக் கெடுத்துக்கறீங்க? யாரு பாக்கப் போறா?"

மாரியன் தரவுத்தளத்தைத் திறந்தார். இரண்டு குடும்பங்களையும் கலைத்து ஒன்றாக ஏற்றினார். கலைத்தால் காரணம் எழுத வேண்டும். தவறியவரின் முதலெழுத்துகளை மட்டும் போடுவது எங்கள் வழக்கம். 'தவறாக வெட்டியது: மா. ஃபெ.' என்று அடித்தார். பிறகு அந்த இரண்டு எழுத்தையும் அழித்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தன் முழுப்பெயரை அடித்தார்.