முடிவைப் போட்டு உடைத்த விமர்சனம்

போன தை மாதம், வலங்கைமான் பக்கத்தில் எங்கள் ஊர் நெல் கொள்முதல் நிலையத்தில் இருந்தபோது நடந்தது இது. சம்பா நெல்லைக் கொட்டிவிட்டு, முறை வருவதற்காக நாலு நாளாகக் குவியலுக்குக் காவல் கிடந்தேன். பொழுது போக ஒரு காமிக்ஸ் இருந்தது. ஆறு பேர் கொண்ட சூப்பர் ஹீரோ அணி. தலைவன் எதிரியோடு சேர்ந்துவிட, மற்ற ஐந்து பேரும் நொறுங்கிப் போகிறார்கள். கடைசியில் பார்த்தால், அந்தத் துரோகமே எதிரியைச் சிக்கவைக்க ஆறு பேரும் சேர்ந்து போட்ட நாடகம். அசந்துபோனேன்.

உடனே முகநூலில் எங்கள் காமிக்ஸ் குழுவில் விமர்சனம் எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம். 'எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது' என்று பீற்றிக்கொண்டு, அந்த நாடகத்தைப் புட்டுப் புட்டு வைத்தேன். உண்மையில் கடைசிப் பக்கம் வரை எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மூன்றாம் நாள், குழுவில் இருக்கும் ஒருவர் அழைத்தார். மன்னார்குடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் பாய்.

"சார், கோவிச்சுக்காதீங்க. அந்த முடிவை மட்டும் எடுத்துடுங்களேன். என் தம்பி சவுதியில இருக்கான். ஊருக்கு வந்து மூணு வருஷம் ஆச்சு. நல்லா இருக்கியா, சாப்டியான்னு ரெண்டு நிமிஷத்துல பேச்சு தீந்துடும். இப்ப வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சதும் இந்தப் புத்தகத்தைப் போன்ல பத்துப் பத்துப் பக்கமா படிச்சுக் காட்டுறேன். ஒரு மணி நேரம் பேசுறோம் சார். எனக்கு முடிவு தெரிஞ்சா பரவால்ல, அவனுக்குத் தெரியக் கூடாது."

தம்பியும் எங்கள் குழுவில்தான் இருக்கிறாராம், பெயரையும் சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது. அழிக்கப் போனால், லைக் போட்டவர்கள் வரிசையில் அவர் சொன்ன தம்பியின் பெயர் இருந்தது. மனம் கேட்காமல் அந்தத் தம்பிக்கே மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வந்தது.

"உங்க விமர்சனத்தை முதல் நாளே படிச்சுட்டேன் சார். அண்ணன்கிட்ட சொல்லிடாதீங்க. ஆறு பேருக்கும் ஆறு குரல்ல பேசுறாரு. அதைக் கேக்கத்தான் வெள்ளிக்கிழமை எப்ப வரும்னு இருக்கேன்."

அழித்துவிட்டு வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வாரம் கழித்துப் பாய் மறுபடி அழைத்தார்.

"கடைசிப் பக்கம் படிச்சப்ப, அடப்பாவிங்களான்னு கத்திட்டான் சார்! சின்னப் புள்ளையில கத்துன மாதிரியே."

"அப்படியா பாய்" என்றேன்.

இப்போதும் விமர்சனம் எழுதுகிறேன், முடிவை மட்டும் தொடுவதில்லை. தெரியாததைத் தெரிந்ததாக நான் காட்டிக்கொண்டதும் பொய்தான், தெரிந்ததைத் தெரியாததாக அந்தத் தம்பி காட்டிக்கொண்டதும் பொய்தான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இன்றும் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.