வாடையில் திரும்பும் விமானம்

"திருச்சியில் விமானம் ஏறினால் கொழும்புக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பயப்பட ஒன்றுமில்லை." அக்காவைப் பெண் கேட்டு மாப்பிள்ளை வீட்டார் கொழும்பிலிருந்து எழுதிய கடிதத்தில் உள்ள வரி. தபால் முத்திரையில் ஆண்டு பாதி அழிந்திருக்கிறது. 1974 என்று நினைக்கிறேன்; ஆடி மாதம் என்பதில் சந்தேகமில்லை.

மாப்பிள்ளை நாசரேத் பக்கத்துக்காரர், கொழும்பில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். அக்காவுக்கு அவரைப் பிடித்திருந்தது. பெரியப்பாதான் சம்மதிக்கவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவர் சொல்லே முடிவு.

பெரியப்பா இளம்வயதில் எங்கள் தூத்துக்குடியிலிருந்து வெங்காய மூட்டைகளோடு தோணியில் கொழும்பு போய் வந்தவர். தோணியில் போனவர்கள் அந்தத் தூரத்தை மைலில் சொல்வதில்லை. போக ஒரு கணக்கு, வர ஒரு கணக்கு. வடக்கேயிருந்து வீசும் வாடைக்காற்றில் பாய் விரித்தால் ஓர் இரவும் பகலும். அதே காற்றை எதிர்த்துத் திரும்ப இத்தனை நாளாகும் என்று யாரும் வாக்குக் கொடுக்கமாட்டார்கள்.

"போவ ஒரு மணி நேரம்னு எழுதியிருக்கான். வாரதுக்கு எவ்வளவுன்னு ஏன் எழுதல?" என்றார் பெரியப்பா.

"வாரதும் அதே நேரந்தான்," என்றாள் அக்கா.

"ஏளா, வாடைக்கு எதுத்து வரணும். ஒங்க அம்மைக்கு ஒண்ணுன்னா நீ எப்ப வந்து சேருவ?"

"ஏரோப்ளேன்ல பாயா கட்டியிருக்கு, காத்து திரும்பட்டும்னு கெடக்க?"

அம்மா சிரிப்பை மறைக்க அடுக்களைக்குள் போய்விட்டாள்.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் உதவி செய்வதாக எண்ணி, நிலப்படத்தில் அடிக்கோல் வைத்து அளந்தேன். தூத்துக்குடியிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய நூற்றறுபது மைல், திருச்சியிலிருந்து இருநூற்றறுபது. காரியம் கெட்டது.

"தெக்க போறதுக்கு வடக்க போயி ஏறணுமாம்," என்றார் பெரியப்பா. "நல்ல ஏரோப்ளேன்."

"அது திருச்சி பஸ்ஸு செய்யுத தாமசம். அத ஏரோப்ளேன் தலையில போடாதீய. வேற மாப்பிள பாத்தா நான் மணவறையில வந்து உக்கார மாட்டேன்."

அந்த வாரம் முழுக்க அவள் பெரியப்பாவுக்குச் சோறு பரிமாறினாள், பேசவில்லை. கடைசியில் அவர்தான் இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. "மொத வருசம் வாடையில திரும்பி வரணும். எவ்வளவு நேரம்னு எனக்குத் தெரியணும்."

தை மாதம் கல்யாணம். மறு மார்கழியில், வாடை அடித்துக்கொண்டிருந்த நாளில் அக்கா வந்தாள். பெட்டியைக் கீழே வைக்கும் முன்பே, "போன நேரந்தான் வந்த நேரம் பெரியப்பா. ஒரு நிமிசம் கூடல," என்றாள்.

"மணி பாத்தியா?"

"பாத்தேன்."

பெரியப்பா பெட்டியை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைத்தார்.

எதிர்க்காற்றில் விமானமும் சற்றுப் பிந்தும் என்று பின்னாளில் படித்தேன். அக்காவிடம் சொன்னேன். "பிந்துனா பிந்திட்டுப் போவுது," என்றாள். அன்றைய விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் பறந்தது என்பதற்கு அவள் வாய்ச்சொல் தவிர வேறு சான்று என்னிடம் இல்லை. அவள் கையில் அன்று கடிகாரம் இருந்ததா என்பதையும் இதுவரை உறுதிசெய்ய முடியவில்லை.