அடைப்பு நாட்கள்

அந்த வருஷம் சாரல் ஆனி பிறந்ததுமே பிடித்துக்கொண்டது. குற்றாலத்துக்குக் குளிக்க வருகிறவர்களுக்குச் சாரல் சுகம். நோயாளியை வைத்துக்கொண்டு துணி துவைக்கிறவளுக்கு அது சனியன். துவைத்தது எதுவும் காயாது. கரி அடுப்பின் மேல் கோழி அடைக்கும் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் ஒவ்வொன்றாக விரித்து, புகை வாடையோடு எடுத்து மடித்து வைப்பேன். மடித்து முடிப்பதற்குள் அடுத்தது நனைந்திருக்கும். யுத்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் எனக்குக் குண்டும் ரேஷனும் நினைவுக்கு வருவதில்லை. அந்த ஈரத் துணிகள்தான் வருகின்றன.

படுக்கையில் இருந்தவள் எங்கள் கல்லூரியின் தாவரவியல் பேராசிரியை. பிலிப்பைன்ஸ் தீவுகளில் பிறந்தவள். அமெரிக்காவில் படித்துவிட்டு, கொஞ்ச காலம் மட்டும் என்று இந்தியாவுக்கு வேலைக்கு வந்தாள். பாறைப் பாசியும் பெரணியும் பார்த்து மயங்கி அப்படியே தங்கிவிட்டாள். நான் அதே கல்லூரியில் கணிதம் நடத்தினேன். விடுதியில் எங்கள் அறைகளுக்கு நடுவே ஒரு சுவர்தான். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. அவள் கழுத்தில் தாலி மாதிரி ஒரு பூதக்கண்ணாடி எப்போதும் தொங்கும். என் கழுத்தில் அதுகூடக் கிடையாது.

ஆள் குள்ளம், நடை வேகம். கோபம் அதைவிட வேகம். புத்தகத்தில் இருக்கும் படத்தைப் பார்த்து ஒரு பெண் பரிசோதனைத் தாளில் வரைந்துவிட்டாள் என்று தெரிந்தால், அன்றைக்கு வகுப்பு முழுக்கத் தீபாவளிதான். ஆனால் அதே பெண்ணுக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சியோடு போய் நிற்பாள். விடுமுறையில் என்னோடு என் ஊரான தென்காசிக்கு வருவாள். குற்றாலத்தில் ஊரே எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்கு அடியில் நிற்க, இவள் மட்டும் ஓரத்துப் பாறையில் முட்டி போட்டுப் பாசியை உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பாள். "மோதிரம் எதுவும் விழுந்துட்டாம்மா?" என்று கேட்டு, கூடவே குனிந்து தேடியவர்கள் உண்டு.

ஜப்பான்காரன் அவளுடைய நாட்டைப் பிடித்ததும் தபால் நின்றது. அம்மா இருக்கிறாளா, தம்பிகள் இருக்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசவே மாட்டாள். தென்காசிக் கடைத்தெருவிலோ அவளையே சப்பான்காரி என்றார்கள். ஒருநாள் தலைமைக் காவலர் ஒருவர் விசாரிக்க வந்துவிட்டார்.

"சப்பான்காரன் இவங்க ஊரையே பிடிச்சு வச்சிருக்கான்யா. இவங்களப் போயி சப்பானான்னு கேக்கீரே," என்று நான் கத்தினேன்.

அவர் காப்பி குடித்தார். கண்ணாடிப் புட்டியில் இருந்த பாசியைத் தூக்கிப் பார்த்தார். "இது மூட்டுவலிக்குக் கேக்குமா?" என்று அவளிடமே கேட்டார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. அதற்கு அடுத்த மாதம் வயிற்றில் கட்டி என்றார்கள்.

டாக்டர் அவளிடம் ஒளிக்கவில்லை. ஒளிக்கவும் முடியாது, அவள் விடமாட்டாள். அறுத்துப் பயனில்லை என்றார். நான் நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு அவளைத் தென்காசிக்கு அழைத்து வந்தேன். எங்கள் வீட்டில் மதினி வாசலிலேயே என்னைத் தனியாக இழுத்தாள். "சாகப்போறவள இங்கன வச்சுக்கிட்டு நாங்க என்ன செய்ய? பிள்ளைக இருக்கிற வீடுல்லா," என்றாள். அண்ணன் பேப்பரில் இருந்து தலையைத் தூக்கவில்லை. அன்று மாலையே குற்றாலத்தில் ஒரு சீசன் வீட்டை வாடகைக்குப் பிடித்தேன்.

வீட்டுக்காரி ஒரு விதவை. எல்லாருக்கும் அவள் ஆச்சிதான், எனக்கும். பின்பக்கத்து அறையில் தனியாக இருந்தாள். ஆனியிலிருந்து ஆவணி வரை முன்வீட்டுக்கு மாற்றி மாற்றி ஆள் வரும். அதை வைத்துத்தான் வருஷம் முழுக்க அவள் சோறு. நோயாளி என்று சொல்லித்தான் வீடு எடுத்தேன். என்ன நோய் என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் முகத்தைப் பார்த்து ஆச்சியே தெரிந்துகொண்டாள்.

மாட்டு வண்டியிலிருந்து இறக்கிக் கட்டிலில் கிடத்தியபோது அவள் வலியில் என் கையைக் கடித்துவிட்டாள். கொஞ்சம் தெளிந்ததும் சொன்னாள், "இனி என்னைத் தூக்கிக்கொண்டு எங்கேயும் அலையாதே. இங்கேயே இருந்துவிடுகிறேன். அருவிச் சத்தம் கேட்கிறது." சரி என்றேன். வீடு என்னுடையது இல்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

அப்புறம் நாட்கள் ஒன்றுபோல் கிடந்தன. கஞ்சி, வாந்தி, துணி, கரி அடுப்பு. டாக்டர் தென்காசியிலிருந்து வந்து ஊசி போடுவார். யுத்தத்தினால் மருந்து சரியாக வருவதில்லை என்பார். ஒருநாள் அவளுக்குக் கருவாடு வேண்டும் என்றிருந்தது. வினிகர் ஊற்றி, சோற்றோடு. நான் பிறந்ததிலிருந்து மீனைத் தொட்டதில்லை. சந்தையில் வாங்கிவரச் சொல்லி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நானே சுட்டேன். ஒரு துண்டை வாயில் வைத்தாள். விழுங்க முடியவில்லை. வெகுநேரம் வாயிலேயே வைத்திருந்துவிட்டுத் துப்பினாள். "சரியாகத்தான் சுட்டிருக்கிறாய்," என்றாள். சைவ வீட்டுக்குள் கருவாட்டு வாடை அடித்தும் ஆச்சி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சாம்பிராணிப் புகை மட்டும் பின்பக்கத்திலிருந்து வந்தது.

ஆடி பிறந்து சில நாளில் ஆச்சி பஞ்சாங்கத்தோடு வந்து நின்றாள்.

"ஏம்மா, ஒண்ணு சொல்லுதேன், தப்பா நினைக்காத. நாளைக்கு அவிட்டம் பிறக்குது. அதிலிருந்து ரேவதி முடிய அஞ்சு நாளும் அடைப்பு. அதுக்குள்ள இங்கன உசுரு போச்சுன்னா ஆறு மாசம் வீட்டப் பூட்டணும். இந்த சீசனே போயிரும்."

"அதுக்கு?"

"அந்த அஞ்சு நாளு மட்டும் தென்காசிக்குக் கூட்டிட்டுப் போயிரு. முடிஞ்சதும் கூட்டிட்டு வந்திரு. நான் வேண்டாம்னா சொல்லுதேன்?"

எனக்கு வந்த ஆத்திரத்தில் என்னென்னவோ கத்தினேன். மனுஷியா நீங்க என்றேன். சாவு உங்க பஞ்சாங்கத்தைப் பார்த்தா வரும் என்றேன். ஆச்சி திருப்பிச் சத்தம் போடவில்லை. "எனக்கு வேற என்ன இருக்கு, சொல்லு," என்று மட்டும் கேட்டாள்.

உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டாள். என்ன சண்டை என்று கேட்டாள். மறைத்தால் விடமாட்டாள். சொன்னேன். நட்சத்திரம் என்றால் என்ன, நிலா எப்படி அதைக் கடக்கிறது, ஒரு நட்சத்திரம் எவ்வளவு நேரம் நிற்கும் என்று படுத்தபடியே பாதி மூச்சில் கேட்டுக்கொண்டாள். பிறகு ஆச்சியை உள்ளே வரச் சொன்னாள்.

"ஆச்சி, நான் போகலை," என்றாள், கடைத்தெருவில் கற்ற தமிழில். "அஞ்சு நாளு, சாகலை. சரியா?"

ஆச்சிக்கு முகம் சுண்டிப்போனது. வெளியே போய்விட்டாள்.

அந்த நாட்களை நான் எப்படிக் கழித்தேன் என்று எனக்கே தெரியாது. காலையில் கண் விழித்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "இன்று என்ன?" அவிட்டம் என்பேன். சதயம் என்பேன். தலையாட்டுவாள். ஊசி மருந்து தீர்ந்துவிட்டது. வலி வரும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, மூச்சை இழுத்து இழுத்து விடுவாள். வாக்குக் கொடுத்துவிட்டதால்தான் உயிரைப் பிடித்து வைத்திருந்தாளா? நான் கணக்குக்காரி, அதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனாலும் போதும், விட்டுவிடு, யாருடைய வீடு எக்கேடு கெட்டால் உனக்கென்ன என்று அவளிடம் சொல்லத் தோன்றியது. சொல்லவும் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடுவேன். ஆச்சிதான் வந்து ஈரத் துணிகளை அள்ளிக்கொண்டு போவாள். நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

நாலாம் நாள், உத்திரட்டாதி அன்று காலையில் அவள் நட்சத்திரம் கேட்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. வெயில் லேசாக எட்டிப்பார்த்த நேரத்தில் அதுவும் நின்றது.

ஆச்சி வந்து பார்த்தாள். கட்டில் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். வீட்டுக்காக அழுதாளா, அவளுக்காக அழுதாளா என்று கேட்டால் இரண்டுக்கும்தான் என்பேன். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "வாசல் வழி மட்டும் வேண்டாம்மா. வாசல் வழி போனா தோஷம் வீட்டோட நின்னுரும். பக்கச் சுவர இடிச்சு அப்படிக் கொண்டு போயிருவோம். இத மட்டும் எனக்காகச் செய்யி."

எனக்கு மறுக்கச் சக்தியில்லை. அது நியாயமாகவும் பட்டது. அவள் கிறிஸ்தவள் என்பதால் ஆள் அனுப்பித் தென்காசிப் பாதிரியாருக்குச் சொன்னோம். கொத்தனார் வந்தார். ஓர் உடலைக் கையில் ஏந்திக் குனிந்து வெளியே எடுக்க எவ்வளவு வழி வேண்டும் என்பது அவருக்குப் பழக்கம்தான். கையால் அளந்து பக்கச் சுவரில் கல்லை உருவினார். ஆச்சி கூடவே நின்று பார்த்துக்கொண்டாள்.

பிற்பகலில் பாதிரியார் வந்தார். வண்டியில் சவப்பெட்டி வந்தது. அவளை வெள்ளை உடையில் வைத்து, ஜெபம் சொல்லி, மூடி ஆணியும் அறைந்தாகிவிட்டது. நான்கு பேர் தூக்கிச் சுவரை நோக்கித் திரும்பியபோதுதான் தெரிந்தது. பெட்டி அந்த வழியில் போகாது.

எங்கள் யாருக்கும், எனக்கும்தான், பெட்டி என்ற ஒன்று நினைவுக்கே வந்திருக்கவில்லை. எங்கள் ஜனங்களுக்கு வெளியே பாடை காத்திருக்கும். உள்ளிருந்து உடல் மட்டும்தான் போகும். கொத்தனார் இன்னும் இரண்டு கல்லை அசைத்தார். மேலிருந்து மண் கொட்டியது. "இதுக்கு மேல கைவச்சா உத்தரம் இறங்கிரும் ஆச்சி," என்றார். சாரல் வேறு வலுத்துவிட்டது. ஆணியைக் கழற்றி உடலை மட்டும் அந்த வழியாக எடுத்து, வெளியே வைத்து மறுபடி அடைக்கலாமா என்று யாரோ கேட்டார்கள். பாதிரியார் என்னைப் பார்த்தார். கட்டிலில் இறக்கிய நாளில் அவள் என் கையைக் கடித்தது எனக்கு ஞாபகம் வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் ஆச்சியின் வீட்டை அழித்துவிட்டு அவளிடம் வாசல் வழியையும் எந்த முகத்தோடு கேட்பது?

தூக்கியவர்கள் பாரம் தாங்காமல் கை மாற்றிக்கொண்டார்கள். ஆச்சி சுவரைப் பார்த்தாள், பெட்டியைப் பார்த்தாள். பிறகு எங்களை விலக்கிக்கொண்டு முன்பக்கம் போய், தாழ்ப்பாளை நீக்கி, வாசல் கதவு இரண்டையும் அகலத் திறந்தாள்.

"இப்படிக் கொண்டு வாங்க."

"ஆச்சி, தோஷம்..." என்று கொத்தனார் இழுத்தார்.

"இருந்துட்டுப் போகுதுலே. வீட்டுக்கு வந்த ஆள ஓட்டை வழியாவா அனுப்புவாவ?"

பெட்டி எதிலும் இடிக்காமல் வெளியே வந்தது. பெண்கள் இடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களுக்கு இல்லை. நான் வண்டிக்குப் பின்னால் நடந்தேன். தெரு முனையில் திரும்பிப் பார்த்தபோது, ஆச்சி மழையில் நனைந்தபடி வாசல் கதவைப் பூட்டிக்கொண்டிருந்தாள். தை வரை அந்த வீட்டுக்கு யாரும் குடிவரவில்லை.