லாக் அக்காவின் அடாப்டர்

இணையத்தில் அவளுக்கு லாக் அக்கா என்று பெயர். காசு வாங்காமல் புரோகிராம் எழுதிப் பொதுவில் போடும் ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் கூடும் குழுக்களில் யாராவது புரோகிராம் நின்றுவிட்டது என்று புலம்பினால், முதல் ஆளாக வந்து “லாக்ல என்ன இருக்கு?” என்று கேட்பாள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர். உள்ளூர அவளுக்கு அதில் பெருமைதான்.

லாக் என்பது பெரிய கம்பசூத்திரம் இல்லை. புரோகிராம் ஓடும்போது என்ன செய்தது, எங்கே இடறியது என்று தானே வரி வரியாக எழுதிக்கொண்டு போகும். கோளாறு வந்தால் அந்தக் குறிப்பைப் படித்துத்தான் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். தொல்லை என்னவென்றால், ஒரு புரோகிராமுக்குள் ஊர்பேர் தெரியாத பலர் எழுதிய லைப்ரரிகள், அதாவது ஆளாளுக்கு எடுத்துச் சேர்த்துக்கொள்ளும் ஆயத்தத் துண்டுகள், கிடக்கும். ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு, தனக்குப் பிடித்த மூலையில் லாக் எழுதும்.

இந்தத் தொல்லைக்குப் பலியானவள் அவளுடைய பக்கத்து மேசைத் தோழி. ரத்தப் பரிசோதனைக் கூடங்களுக்கு மென்பொருள் செய்யும் அலுவலகம் அது. ஒருவருடைய சர்க்கரை அளவு இன்னொருவர் ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது. கடைசியாக அந்த மென்பொருளின் கோடில் கை வைத்தவள் தோழி என்பதால் பழி அவள் தலையில் விழுந்தது, வேலையும் போயிற்று. உண்மையில் தப்பு செய்தது ரிப்போர்ட் அச்சடிக்கும் லைப்ரரி. அதை அந்த லைப்ரரியே லாக்கில் எழுதியும் வைத்திருந்தது, யாரும் எட்டிப் பார்க்காத இடத்தில். லாக் அக்கா அதைத் தோண்டி எடுப்பதற்குள் தோழி வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டாள். போனையும் எடுக்கவில்லை. மேலாளர் அந்த லாக்கைப் படித்துவிட்டு, “முடிஞ்சுபோனதை ஏம்மா கிளறணும்?” என்றார்.

அன்றைக்குப் பிடித்த கிறுக்கு. எல்லா லைப்ரரிகளும் ஒரே விதமாக லாக் எழுத, எல்லாவற்றுக்கும் ஒரே வாசல் மாதிரி, ஒரு பொது இடைமுகம் செய்தாள். அதில் அவள் விட்டுக்கொடுக்காத விதி ஒன்றுதான்: ஒவ்வொரு வரியிலும், அதை எழுதிய லைப்ரரியின் பெயர் கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் இல்லாத வரியை இடைமுகம் வாங்கவே வாங்காது.

அவள் கணவர் பல் செட் செய்கிறவர். “எங்க தொழில்ல எல்லா வாய்க்கும் ஒரே செட்டுன்னு சொன்னா அடிக்க வருவாங்க,” என்று கிண்டல் செய்வார். ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் கணினியை விட்டு எழுந்திருக்காதபோது சமைத்ததும் துவைத்ததும் அவர்தான்.

பெரிய லைப்ரரிக்காரர்களிடம் போய் நின்றாள். யோசனை பிரமாதம், ஆனால் எங்கள் கோடை மாற்ற நேரமில்லை என்றார்கள். அங்கேதான் நம் ஆள் சறுக்கினாள். நல்ல மனசு சும்மா இருக்குமா? ஒரு அடாப்டர் எழுதிக் கொடுத்தாள். லைப்ரரியில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். பழைய முறையில் வரும் லாக்கை அடாப்டரே பிடித்து, அது எங்கிருந்து வந்தது என்று துப்புத் துலக்கி, பெயர் போட்டு இடைமுகத்துக்கு அனுப்பிவிடும். ஆளாளுக்குத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். அதன் பிறகு ஒருவரும் இடைமுகத்தின் பக்கமே வரவில்லை. எதற்கு வரப்போகிறார்கள்?

லாக் எழுத எல்லாரும் பின்பற்ற வேண்டிய பொதுத் தரம் எது என்று முடிவு செய்ய ஒரு குழு அமைந்தது. அதன் அமைப்பாளர் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் கொடியில் காயும் துணி தெரியாதபடி அவள் நாற்காலியை நகர்த்திக்கொண்டாள்.

“உங்க இடைமுகத்தை நேரடியா யாருமே பயன்படுத்தலையே மேடம். எல்லாம் அடாப்டர் வழியா வருது.”

“அடாப்டரும் நான் எழுதினதுதாங்க.”

“தெரியும். ரொம்ப நல்லா எழுதிட்டீங்க. அதான் இப்ப பிரச்சினை.”

பெரிய கம்பெனி ஒன்றின் இடைமுகம் பொதுத் தரமாகிவிட்டது. அதில் லைப்ரரியின் பெயர் கட்டாயமில்லை, விருப்பமிருந்தால் போடலாம். அமைப்பாளர் இன்னொன்றும் கேட்டார். “உங்களுதுலேர்ந்து புதுசுக்குப் போக ஒரு அடாப்டர் எழுதித் தரமுடியுமா? உங்களுக்குத்தான் கைவந்த கலையாச்சே.”

“எழுதாத,” என்றார் கணவர். கோபம் வந்தால் அவர் குரல் இறங்கிவிடும். “உன் குழிய நீயே வெட்டிக் குடுப்பியா?”

“எழுதலைன்னா, என்னை நம்பி இருக்கிறவங்க நடுத்தெருவுல நிப்பாங்க.”

எழுதினாள். அவள் வாழ்நாளில் இவ்வளவு சுத்தமாகக் கோடு எழுதியதில்லை. லைப்ரரியின் பெயரை அந்த விருப்பக் கட்டத்துக்குள் பத்திரமாகக் கொண்டு சேர்த்தாள். எல்லாச் சோதனைகளும் முதல் ஓட்டத்திலேயே தேறின. அதைப் பார்த்தபோது அவளுக்கு அழுகை வந்தது. அடாப்டரை வெளியிட்டுவிட்டு, தன் இடைமுகத்தின் பக்கத்தில் ‘இனி இதைப் பயன்படுத்த வேண்டாம்’ என்று தானே எழுதினாள்.

கொஞ்ச நாளில் அவள் அலுவலகமும் புதிய தரத்துக்கு மாறியது. அமைக்கும் வேலை அவளிடமே வந்தது. மேலாளர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தார்.

“இந்த லைப்ரரி பேரு எதுக்கு?”

“எது தப்பு பண்ணுச்சுன்னு தெரியறதுக்கு சார்.”

“கட்டாயமா?”

“இல்ல சார்.”

“அப்ப எடுத்துடுங்க. இடத்தை அடைக்குது.”

அவள் வாதாடிப் பார்த்தாள். தோழியின் பேச்சையும் எடுத்தாள். மேலாளருக்கு அப்படி ஒருத்தி இருந்ததே ஞாபகமில்லை. கடைசியில் அவளே அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டாள்.

பக்கத்து மேசையில், தோழி உட்கார்ந்திருந்த நாற்காலியில், புதிதாகச் சேர்ந்த பெண் ரிப்போர்ட் கோடைத் திறந்து வைத்திருந்தாள். மேலாளர் நகர்ந்ததும் இவள் பக்கம் திரும்பினாள்.

“அக்கா, இதுல நான் கை வெச்சப்புறம் ஏதாவது தப்பாச்சுன்னா, எங்க பாக்கணும்?”

“லாக்ல பாரும்மா,” என்றாள் அவள்.