அடக்கமான பெண் என்று எழுதிவிட்டேன்

கிருஷ்ணகிரி அருகே ஒரு பொறியியல் கல்லூரியில் நான் பேராசிரியை. வகுப்பில் முதலாவதாக வரும் நந்தினிக்கு, ஓசூர் தொழிற்சாலை ஒன்றில் தரப் பரிசோதனை வேலைக்காகப் பரிந்துரைக் கடிதம் கொடுத்தேன். அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்து, 'அடக்கமானவள், எதிர்த்துப் பேசமாட்டாள்' என்றும் சேர்த்தேன்.

மறுநாள் தொழிற்சாலை மேலாளர் போன் செய்தார். "மேடம், யாரு சொன்னாலும் தப்பான பார்ட்ட நிறுத்தற ஆளுதான் எங்களுக்கு வேணும். இந்தப் பொண்ணு சரிப்படாதுங்க."

பதறிப்போனேன். "சார், நான் எழுதினது பொய்ங்க! லேப்புல நான் எடுத்த அளவே தப்புன்னு எல்லார் முன்னாடியும் சண்டை போட்டவ அவ. திரும்ப அளந்து பாத்தா, அவ சொன்னதுதான் சரி."

அவர் சிரித்துவிட்டார். "திங்கக்கிழமை வரச் சொல்லுங்க."

நந்தினி இப்போது அங்கேதான் வேலை செய்கிறாள். நானும் திருந்திவிட்டேன். யாருக்குக் கடிதம் எழுதினாலும், அந்தப் பிள்ளை என்னோடு எதற்குச் சண்டை போட்டது என்பதுதான் முதல் வரி.